உருவப்படமும் விற்பனை வரியும்

ஆயக்காரர் என்னும் பெயர் நம் கல்லூரி மாணவர்க்குப் புதியதன்று. ஆயத்துறையில் அமர்ந்திருக்கும்போது அழைக்கப்பெற்ற மத்தேயுவையும், காட்டத்தி மரத்தின்மேல் ஏறியிருந்த சகேயுவையும் அறியாதார் இங்கு எவர்? நம் நாட்டு மன்னருள்ளும் முதற் குலோத்துங்கன் சுங்கந் தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றான். வரியை நீக்கியதன் பொருட்டு ஒரு வேந்தன் புகழ் பெறுவானாயின், வரியைக் குறித்து மக்கள் உள்ளத்தில் எத்தகைய எண்ணம் குடிகொண்டிருந்தது என்பது சொல்லாமலே விளங்கும். வரி கொடாது மறைத்துத் துன்பமுற்றோர் வரலாறு பல உள. வரி கொடுக்கும் கடப்பாடு சிறிதும் இல்லாத ஒருவர், கொடுத்தல் வேண்டும் என்னும் நல்லெண்ணத்தினாலேயே கடனாளியான வரலாறு ஒன்றினை அண்மையில் கேட்டேன். அதுவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

பழைய மாணவர் கூட்டமொன்றில், வணிகவியல் வகுப்பில் என்னிடம் பயின்ற அம்மையார் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். அவர் தம் வீட்டு முன்னறையையே படம் பிடிக்கும் கூடமாக அமைத்துக்கொண்டு, பச்சிளங் குழந்தைகளையும், பட்டம் பெற்ற இளைஞரையும், மணமக்களின் பெற்றோரையும் அமர்த்தி உருவப்படம் எடுத்துத் தருகின்றார். வெள்ளைத் திரை ஒன்று, விளக்குகள் இரண்டு, நல்ல காமிரா ஒன்று, இவையே முதல். தொழில் தொடங்கிய பொழுது பில் புத்தகம் அச்சிட்டுக் கொடுத்த ஒருவர், தாமாகவே அதில் வரிக்கென ஓர் இடம் விட்டு அச்சிட்டிருக்கின்றார். அதனைக் கண்ட அம்மையார், வரி வாங்குதல் கட்டாயம் போலும் என எண்ணி, ஒவ்வொரு படத்திற்கும் விலையின்மேல் நூற்றுக்கு 18 விழுக்காடு சேர்த்து வாங்கி, அத்தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தார். ஓராண்டிற்குள் 7,00,000 ரூபாய்க்கு வேலை நடந்தது. வரியென வாங்கிய தொகை 1,26,000 ரூபாய். "ஐயா, இதனை எங்கே கட்டுவது?" என்பதே அவர் என்னிடம் கேட்ட கேள்வி. பில்லின் தலைப்பில் பதிவு எண்ணுக்கென அச்சிட்ட கட்டம் வெறுமையாகவே இருந்தது.

இக்கேள்விக்கு விடை கூறுமுன், விற்பனை வரி என்பது உருவப்படத் தொழிலை எவ்வாறு வந்தடைந்தது என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். இஃது எளிய கதையன்று. எண்பது ஆண்டு காலம் நீதிமன்றங்களைச் சுழன்று வரச்செய்த கதை.

இந்தியாவில் எல்லாப் பண்டங்களுக்குமான பொது விற்பனை வரியை முதன்முதல் விதித்தது நம் சென்னை மாகாணமேயாம். 1937-ஆம் ஆண்டில் இராஜாஜியின் மந்திரி சபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. கள், சாராயத்தால் வந்த வருமானம் குன்றவே, அவ்விடத்தை நிரப்பும்பொருட்டு 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆண்டு விற்பனை 10,000 ரூபாய்க்குக் குறைந்த சிறு வணிகரை அச்சட்டம் தொடவில்லை. 20,000 ரூபாய்க்கு மேற்பட்டோர் நூற்றுக்கு அரை ரூபாய் செலுத்த வேண்டியவராயினர். சிறியோரை விட்டுப் பெரியோரிடமே வரி கொள்ளுதல் என்னும் இந்நெறி இன்றளவும் மாறவில்லை என்பதை ஈண்டு மனத்திற்கொள்க. அம்மையாரின் கேள்விக்குரிய விடையில் பாதி இதிலேயே அடங்கியிருக்கின்றது.

விற்பனை வரி என்றால் பண்டத்தின் விற்பனைமேல் வரி. அரிசி விற்றால் வரி. துணி விற்றால் வரி. முடி திருத்துவோர் முடி திருத்தினால் அது விற்பனையன்று, வேலை. ஆயின் உருவப்படம் எடுத்துக் கொடுப்பவர் செய்வது யாது? வாடிக்கையாளர் கையில் ஒரு தாள் வந்து சேர்கின்றது, அத்தாள் பண்டமே. எனினும் அவர் பணம் கொடுத்தது தாளுக்கோ, தாளில் தம் முகம் தோன்றச் செய்த திறத்திற்கோ? வேடிக்கையாகத் தோன்றும் இவ்வினாவைச் சட்டம் வல்லார் மிகவும் அக்கறையோடு ஆராய்ந்திருக்கின்றனர்.

1861-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. பல் மருத்துவர் ஒருவர் ஓர் அம்மையாருக்காகப் பொய்ப்பல் வரிசை செய்தார். அப்பற்களைப் பொருத்துமுன் அவ்வம்மையார் இறந்துவிட்டார். அவருடைய சொத்தை நிருவகித்தவரிடம் மருத்துவர் பணம் கேட்டார். நடந்தது வேலையா, விற்பனையா என்னும் வினா எழுந்தது. முடிவில் கைமாறுவது ஒரு பண்டமாயின் அது விற்பனையே என்றனர் நீதிபதிகள். 1935-இல் அதே நாட்டில் மற்றொரு வழக்கு. ஓவியர் ஒருவர் ஒருவருடைய கட்டளைப்படி உருவப்படம் தீட்டத் தொடங்கினார். வேலை முடியுமுன்னரே கட்டளையிட்டவர் வேண்டாமென்றார். விற்பனை ஒப்பந்தமாயின் எழுத்து மூலம் வேண்டும்; எழுத்தோ இல்லை. கீழ்க் கோர்ட்டு ஓவியர்க்கு எதிராகத் தீர்த்தது. அப்பீல் கோர்ட்டார், உருவப்படத்தில் சாரமாவது ஓவியரின் திறமும் உழைப்புமே. கித்தானும் வண்ணமும் அவற்றுக்குத் துணையாய் வருவன மட்டுமே எனக் கூறி, இது வேலையே, விற்பனையன்று என்று தீர்த்தனர். பொய்ப்பல் பண்டம், உருவப்படம் வேலை! இரண்டும் ஒருவருடைய முகத்திற்கென்றே செய்யப்பட்டவை, பிறர்க்குப் பயன்படாதவை. ஆயினும் சட்டம் இரண்டையும் இரு வேறு தட்டில் நிறுத்தியது. பின்னதே அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது என்பது என் கருத்து.

நம் நாட்டிற்கு வருவோம். சென்னைச் சட்டம் 1947-இல் திருத்தப்பட்டு, கட்டட வேலை முதலிய ஒப்பந்தங்களில் பயன்படும் பொருள்களுக்கும் வரி கேட்டது. கட்டட நிறுவனம் ஒன்று வழக்காடிற்று. 1958-இல் உச்ச நீதிமன்றத்தார், வீடு கட்டித் தருவது பிரிக்கவொண்ணாத ஒரே ஒப்பந்தம். அதில் செங்கலை விற்றான், மரத்தை விற்றான் என்று கூறுதல் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தனர். இத்தீர்ப்பின் நிழலில் உருவப்படக்காரரும் ஒதுங்கினர். மத்தியப்பிரதேசத்துப் புகைப்படக்காரர் ஒருவரின் வழக்கில், படம் எடுத்து, கழுவி, பிரதி போட்டுக் கொடுத்தல் திறத்தின்பாற்பட்ட வேலையே, விற்பனையாகாது என 1977-இல் அதே நீதிமன்றம் கூறியது. புகைப்படக்காரர் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1982-இல் அரசியலமைப்புச் சட்டம் நாற்பத்தாறாம் முறையாகத் திருத்தப்பட்டது. வேலை ஒப்பந்தத்தின் ஊடே ஒரு பண்டம் கைமாறுமாயின், அப்பண்டத்தின் அளவிற்கு அது விற்பனையாகக் கருதப்படும் என ஒரு புதிய வாசகம் சேர்க்கப்பட்டது. விற்பனையல்லாததை விற்பனையாகப் பாவித்தல்! பாவனையும் சட்டத்தில் உண்மையின் வலிமை பெறும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. இதன் பின்னரும் 2000-ஆம் ஆண்டில் ஒரு தீர்ப்பு, புகைப்படத் தொழில் வெறும் சேவையே எனக் கூறியது. மறு ஆண்டிலேயே மற்றோர் அமர்வு அத்தீர்ப்பு திருத்தத்திற்கு ஒவ்வாது எனக் குறிப்பிட்டது. இறுதியில் 2015-இல், கர்நாடக மாநிலத்து வழக்கொன்றில், படங்களைக் கழுவிப் பிரதி எடுத்துக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் செலவாகும் பொருள்களுக்கு மாநிலம் வரி விதிக்கலாம் என முடிவாயிற்று.

இதற்கிடையே மத்திய சர்க்காரும் வாளாவிருக்கவில்லை. 2001 ஜூலை 16 முதல் புகைப்படத் தொழிலைச் சேவை வரிக்குள் கொணர்ந்தது. ஆகவே ஒரே படத்தின் தாளை ஒரு சர்க்காரும், திறத்தை மற்றொரு சர்க்காரும் பிடித்துக்கொண்டு இரு புறமும் இழுக்கும் நிலை உண்டாயிற்று. தாள் எவ்வளவு, திறம் எவ்வளவு என அளந்து காட்டும் துலாக்கோல் எங்கே உளது? இழுத்தவர்க்கும் தெரியாது, இழுபட்டவர்க்கும் தெரியாது.

2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. மாநில விற்பனை வரியும் மத்தியச் சேவை வரியும் இதனுள் அடங்கின. இப்பொழுது பண்டமாயினும் சேவையாயினும் வழங்கல் என்னும் ஒரே பெயரால் வரிக்கு உரியதாகின்றது. படம் எடுப்பதும், அதனைத் தாளில் பதித்துத் தருவதும், சட்டமிட்டு ஆல்பமாக்குவதும் ஒன்றோடொன்று பிணைந்து வருமாயின், அவற்றுள் முதன்மையானது எதுவோ அதன் விகிதமே முழுவதற்கும் உரியது. உருவப்படத்தில் முதன்மையானது படமெடுக்கும் சேவையே. அதற்கு விகிதம் நூற்றுக்கு 18; இதில் 9 மத்திய சர்க்காருக்கு, 9 மாநில சர்க்காருக்கு. பிறர் எடுத்த படத்தை அச்சிட்டு மட்டும் தருவோரும் இதே 18 விழுக்காட்டிற்கு உரியர் என்று 2019 ஜனவரி 1-இல் ஒரு சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. 2025 செப்டம்பர் 22-இல் பல விகிதங்கள் மாற்றப்பட்டபோதும் இத்தொழிலின் விகிதம் அவ்வாறே நின்றது. நம் அம்மையார் பெரும்பாலும் தாளே கொடுப்பதில்லை. படத்தைக் கைபேசிக்கு அனுப்பிவிடுகின்றார். எத்தாளின் பொருட்டு நாற்பது ஆண்டு வழக்காடினரோ, அத்தாளே இன்று இல்லையாயிற்று!

விகிதம் 18 என்றவுடன் ஒவ்வொரு புகைப்படக்காரரும் 18 செலுத்த வேண்டும் என்று முடிவு செய்தல் தவறு. அம்மையார் செய்த முதல் தவறும் இதுவே. சேவை செய்வோரைப் பொறுத்தவரை, ஒரு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச்சு முடிய, மொத்த விற்றுமுதல் 20 இலட்சம் ரூபாயைத் தாண்டினாலன்றிப் பொதுவாகப் பதிவு செய்துகொள்ளும் கடமை இல்லை. மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, திரிபுரா ஆகிய நான்கு மாநிலங்களில் மட்டும் இவ்வெல்லை 10 இலட்சம். அப்பகுதிகளில் ஊழியம் செய்யும் நம் பழைய மாணவர் இதனைக் கவனிப்பாராக. 40 இலட்சம் என்றொரு பேச்சும் பலர் வாயில் வழங்குகின்றது. அது 2019 ஏப்ரல் முதல் பண்டம் மட்டுமே விற்போர்க்கு நம் மாநிலம் உள்ளிட்ட பலவற்றில் அளிக்கப்பட்ட எல்லை. படமெடுப்பவர் அதனைத் தமக்குரியதாக எண்ணி இருந்துவிடலாகாது.

மொத்த விற்றுமுதல் என்பதிலே ஒரு நுட்பம் உண்டு. தொழிலில் வந்த இலாபத்தையன்று, வாங்கிய தொகை முழுவதையும் எண்ணுதல் வேண்டும். அதுவும் ஒரே பான் எண்ணின் கீழ் இந்தியா முழுவதிலும் செய்த வழங்கல் அனைத்தும் சேரும். வரியில்லா வழங்கலும் சேரும். ஒருவர் கீழ் வீட்டில் படமெடுத்து 18,80,000 ரூபாய் ஈட்டுகின்றார். மாடியை ஒரு குடும்பத்திற்கு மாதம் 12,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கின்றார் என வைத்துக்கொள்வோம். குடியிருப்பு வாடகைக்கு வரி இல்லை. ஆயினும் ஆண்டு வாடகை 1,44,000-ஐக் கூட்டினால் 20,24,000 ஆகின்றது, எல்லை தாண்டிவிட்டது. அவர் பதிவு செய்தே ஆகவேண்டும். செய்த பின் வரி செலுத்துவது படத்தொழிலுக்கே, வாடகைக்கன்று. "வாடகைக்குத்தான் வரியில்லையே" என்று அதனைக் கணக்கிற் சேர்க்காது விட்டுப் பின்னர்த் துன்புறுதல் எளிது.

எல்லையைத் தாண்டினால் முந்திய 20 இலட்சத்திற்கும் வரி வந்து விழும் என்று அஞ்சி, மாசி பங்குனி மாதங்களில் வந்த வேலையைத் திருப்பி அனுப்புவோரும் உளர். இவ்வச்சம் ஆதாரமற்றது. தாண்டிய நாளிலிருந்து 30 நாளைக்குள் விண்ணப்பித்தால், தாண்டிய நாள் முதற்கொண்டு செய்யும் வேலைக்கே வரி. முன்னர்ச் செய்தவற்றுக்கு இல்லை. அன்று கையிருப்பாக உள்ள தாள், சட்டம் முதலியவற்றை வாங்கியபோது கொடுத்த வரியையும் கழித்துக்கொள்ளலாம். காமிராவுக்குக் கொடுத்த வரியை அவ்வாறு கழிக்க இயலாது. அது முதலீட்டுப் பொருள். ஆதலால் எல்லையை அணுகும் ஆண்டில் விலையுயர்ந்த காமிரா வாங்க நினைப்பவர், பதிவுக்குப் பின் வாங்குதல் நலம். 1,18,000 ரூபாய்க் காமிராவில் 18,000 ரூபாய் வரி உளது, அதனை இழப்பானேன்? காலந் தாழ்த்துப் பதிவு செய்யாதிருந்தாலோ, வரியோடு வட்டியும், 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி இவ்விரண்டில் எது மிகுதியோ அத்தொகை அபராதமும் வந்து சேரும்.

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். அவருடைய விற்றுமுதல் 7 இலட்சம். எல்லையில் பாதிக்கும் குறைவு. வேறு வருமானமும் இல்லை என்றார். ஆகவே அவர் ஒரு ரூபாயும் வரி செலுத்த வேண்டியதில்லை. பதிவு பெறாதார் வரியென்று எதனையும் வாங்கலாகாது என்பது சட்டத்தின் முப்பத்திரண்டாம் பிரிவு. வாங்கிவிட்டால்? எழுபத்தாறாம் பிரிவு விடை கூறுகின்றது. வரி என்னும் பெயரால் எவர் எத்தொகையை வாங்கியிருப்பினும், அவ்வழங்கல் வரிக்குரியதாயினும் அன்றாயினும், அத்தொகையை உடனே சர்க்காரிடம் செலுத்திவிடல் வேண்டும். வரிக்கடமை இல்லாதவர் வரி வாங்கியதாலேயே கடனாளியானார் என்று தொடக்கத்தில் கூறியது இதனையே. அவர் தனிக் கணக்கில் வைத்திருந்த 1,26,000 ரூபாய் அவருடையதன்று. அவர் அதனைத் தொடாது வைத்திருந்தமை அவருடைய நேர்மைக்குச் சான்று. எனினும் சட்டம் நேர்மையைக் கேட்கவில்லை, தொகையைக் கேட்கின்றது. அத்தொகையின் சுமையை உண்மையில் தாங்கியவர்கள் படம் எடுத்துக்கொண்ட குடும்பத்தார். செலுத்தப்பட்டதில் சர்க்காருக்குச் சேரவேண்டியது போக மிச்சம் உளதாயின், அதனைத் தமக்குத் திருப்பித்தருமாறு அவர்கள் விண்ணப்பிக்கவும் அப்பிரிவே இடந்தருகின்றது. வரி ஆலோசகர் ஒருவரை உடன்கொண்டு, நோட்டீசு வருமுன் தாமாகவே அலுவலகத்தை அணுகுமாறு கூறினேன். பழைய பில் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எரித்துவிடலாமா என்று அருகிலிருந்த உறவினர் ஒருவர் கேட்டார். அதனினும் தீய யோசனை பிறிதொன்றில்லை! அவ்வடிக்கட்டைகளே யாரிடம் எவ்வளவு வாங்கப்பட்டது என்பதற்குச் சான்று.

அவர் அடுத்துக் கேட்டது, "நானே விரும்பிப் பதிவு செய்துகொண்டால் என்ன?" என்பது. செய்துகொள்ளலாம், எல்லைக்குக் கீழே உள்ளாரும் விரும்பினால் பதிவு பெறலாம். அதற்குக் கட்டணமும் இல்லை. வீட்டையே தொழிலிடமாகக் காட்டலாம். வீடு சொந்தமாயின் சொத்து வரி ரசீதோ மின்கட்டண ரசீதோ, கணவர் அல்லது பெற்றோர் பெயரில் இருப்பின் அவர்தம் இசைவுக் கடிதமும் சேர்த்தோ காட்டுதல் போதும். எண்ணும் எழுத்துமாகப் பதினைந்து இடங்கொண்டு, நம் மாநிலத்தார்க்கு 33 என்று தொடங்கும் பதிவு எண் கிடைக்கும். ஆனால் பதிவு பெற்றபின், விற்றுமுதல் எவ்வளவு சிறிதாயினும் முதல் ரூபாயிலிருந்தே வரி உண்டு. வேலை இல்லாத காலத்திற்கும் கணக்குத் தாக்கல் செய்தல் வேண்டும். யாருக்குப் படமெடுக்கின்றோம் என்பதைப் பொறுத்தே இதன் நன்மை தீமை அமையும்.

தம் ஊழியர்க்கெல்லாம் உருவப்படம் வேண்டும் ஒரு பெரிய நிறுவனம் பதிவு பெற்றதாயின், அது கொடுக்கும் 18 விழுக்காட்டைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும். ஆகவே பதிவு பெற்றவரையே அது நாடும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் குடும்பத்தார்க்கோ கழித்துக்கொள்ள இடமில்லை. 5,000 ரூபாய்ப் படம் அவர்க்கு 5,900 ஆகும். பதிவு பெறாத கல்விச்சாலைகளின் நிலையும் இதுவே. விலையை உயர்த்த மனமின்றி 5,000-க்குள் வரியை அடக்குவோமாயின், 762 ரூபாய் 71 காசு வரிக்குப் போய், 4,237 ரூபாய் 29 காசே நமக்கு மிஞ்சும். குடும்பப் படமே தொழிலாக உடையார் 20 இலட்சத்திற்குள் இருக்குங்காறும் பதிவை விரும்பி மேற்கொள்ளுதல் எனக்கு உடன்பாடன்று.

எல்லை தாண்டியவர்க்கு மற்றொரு வழியும் உண்டு. முந்திய ஆண்டு மொத்த விற்றுமுதல் 50 இலட்சத்திற்கு மேற்படாத சேவையாளர், 2019 ஏப்ரல் முதல், காம்பொசிஷன் என்று வழங்கும் இணக்க முறையைத் தேர்ந்துகொள்ளலாம். அதன்படி விற்றுமுதலில் நூற்றுக்கு 6 செலுத்தினாற் போதும். ஆனால் அதனை வாடிக்கையாளரிடம் தனியே வாங்கலாகாது. தம் கையிலிருந்தே கொடுத்தல் வேண்டும். தாம் பொருள் வாங்கியபோது கொடுத்த வரியையும் கழிக்க இயலாது. பிற மாநிலத்தார்க்கு வழங்கலும் கூடாது. தாம் இணக்க முறையினர், வரி வாங்கும் உரிமை இல்லாதவர் என்பதைப் பில்லிலேயே குறிப்பிடல் வேண்டும். ஒரு கணக்குப் பார்ப்போம். ஆண்டிற்கு 24,00,000 ரூபாய் குடும்பத்தாரிடமிருந்து, வரி உட்பட்ட விலையாக வருகின்றது. தொழிலுக்காக வாங்கிய பொருள்களில் 72,000 ரூபாய் வரி கொடுத்தாயிற்று. சாதாரண முறையில் 24,00,000-க்குள் அடங்கிய வரி 3,66,102 ரூபாய். 72,000-ஐக் கழித்து 2,94,102 செலுத்துதல் வேண்டும். இணக்க முறையில் 1,44,000 மட்டும். ஆண்டொன்றுக்கு 1,50,102 ரூபாய் வேறுபாடு! நிறுவனங்களையே வாடிக்கையாக உடையவர்க்கு இக்கணக்குத் தலைகீழாகும். இணக்க முறையினரின் பில்லைக்கொண்டு அவை எதனையும் கழித்துக்கொள்ள இயலாது.

சாதாரண முறையில் பதிவு பெற்றவர் முன்பணத்தைக் குறித்து விழிப்பாயிருத்தல் வேண்டும். மார்கழியில் பிறக்கவிருக்கும் குழந்தைக்கு ஐப்பசியிலேயே முன்பணம் வாங்கினால், சேவையைப் பொறுத்தவரை வரிக்குரிய காலம் ஐப்பசியே. படம் எடுத்த பின் பார்த்துக்கொள்வோம் என்று இருத்தல் கூடாது. பதிவு பெறாதார்க்கு இத்தொல்லை இல்லை. அவர்க்கு வேண்டுவது ஒரு நோட்டுப் புத்தகம்; நாள்தோறும் வாங்கிய தொகையை எழுதி, ஏப்ரல் முதல் நாளிலிருந்து அதுவரை சேர்ந்த மொத்தத்தை வலப்புறத்தில் எழுதிக்கொண்டே வரல் வேண்டும். அவ்வலப்புற எண் 18 இலட்சத்தைத் தொடும் நாள் ஆலோசகரைப் பார்க்கும் நாள். ஸ்தல ஸ்தாபனத்திற்குரிய தொழில் வரியும், வருமான வரியும் இவற்றின் வேறானவை. அவற்றை ஈண்டுக் கலக்கவில்லை.

இறுதியாக ஒன்று கேட்டார். குழந்தையின் பாட்டனார் பெங்களூரில் இருக்கின்றார். அவரே பணம் அனுப்பிப் படத்தை அங்கே அனுப்பச் சொல்கின்றார். மாநிலம் கடந்தால் உடனே பதிவு வேண்டுமென்று ஒருவர் கூறினாரே, மெய்யா என்றார். பாதி மெய். படமெடுக்கும் சேவையாயின், 20 இலட்சத்திற்குள் இருப்போர் மாநிலம் கடந்து வழங்கினாலும் பதிவு வேண்டாமென 2017 அக்டோபர் 13-இல் விலக்கு அளிக்கப்பட்டது. சட்டமிட்ட படமாக அனுப்பினும் அதன் முதன்மை சேவையே. ஆனால் படமின்றி வெறும் மரச்சட்டத்தை மட்டும் அதே பெங்களூருக்கு விற்று அனுப்பினால் அது பண்டம். மாநிலம் கடந்த பண்ட விற்பனைக்கு அவ்விலக்கு இல்லை. ஒரு சட்டமாயினும் பதிவு வேண்டும். சட்டம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் இருப்பது இவ்விடத்தில் அவரைச் சற்றுக் குழப்பிற்று. பின்னர் விளங்கிக்கொண்டு நகைத்தார். கையிருப்பில் உள்ள பன்னிரண்டு மரச்சட்டங்களையும் உள்ளூரிலேயே விற்றுவிடுவதாகவும், வரிக்கு இடமில்லாத புதிய பில் புத்தகம் ஒன்று அச்சிடக் கொடுக்கப் போவதாகவும் சொல்லி விடைபெற்றார்.